காசு கைமாறினால்தான் குற்றமா?

சென்ற பகுதியை 1910ஆம் ஆண்டின் அமெரிக்க மான் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். பெண்களைத் தவறான நோக்கத்தோடு மாநில எல்லை தாண்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கிய சட்டம் அது. குத்துச்சண்டையின் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனைச் சிறைக்கு அனுப்பவும் அதே சட்டம்தான் கைகொடுத்தது. அப்பாவிப் பெண்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று எழுதியதை, வளர்ந்த மனிதர்களின் சொந்த வாழ்க்கையில் மூக்கை நுழைக்கப் பயன்படுத்தினார்கள். அதேசமயம், காப்பாற்றியிருக்க வேண்டிய ஒரு தரப்பை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. சிறுவர்கள். ஒரு பையனை அதே காரியத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனால் மான் சட்டம் வாயைத் திறக்காது. இந்தக் குறை 1978 வரை அப்படியே கிடந்தது.

மேலே போகுமுன் ஒரு விஷயம். அமெரிக்காவில் கொலை, திருட்டு, பாலியல் வன்முறை எல்லாம் அடிப்படையில் மாநிலங்களின் பாடு. நம் ஊரில் இருப்பதுபோல நாடு முழுமைக்கும் ஒரே தண்டனைச் சட்டப் புத்தகம் அங்கே கிடையாது. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் ஒரு குற்றத்தைத் தன் கையில் எடுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வாசல் வேண்டும். தபால் ஒரு வாசல். இறக்குமதி இன்னொன்று. மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது. இந்தக் கதையில் போலீஸ்காரர்களைவிடத் தபால் ஆய்வாளர்களும் சுங்க அதிகாரிகளும் அதிகம் நடமாடுவது இதனால்தான். வணிகம் என்ற வாசல் வழியாகவே நுழைந்து பழகியதாலோ என்னவோ, எதிரில் நிற்கும் குற்றவாளியையும் அவர்கள் ஒரு வியாபாரியாகவே கற்பனை செய்துகொண்டார்கள். அந்தக் கற்பனைக்குக் கொடுத்த விலையைத்தான் இந்தப் பகுதியில் பார்க்கப் போகிறோம்.

1977. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கம் அப்போது குடும்பத்தோடு போகிற இடமல்ல. வரிசையாக 'வயது வந்தோருக்கான' கடைகள். அவற்றின் அலமாரிகளில், மற்ற இதழ்களோடு இதழ்களாக, குழந்தைகளை வைத்து எடுத்த படங்களும் விற்பனைக்கு இருந்தன. டென்மார்க் 1969இல் ஆபாசப் படங்களுக்கான தடையை முற்றாக நீக்கியிருந்தது. அங்கிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வந்த சரக்கு நிறைய. இதற்கென்று தனியாக ஒரு கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் அப்போது இல்லை. ஆபாசத்தைத் தபாலில் அனுப்பாதே, இறக்குமதி செய்யாதே என்ற பழைய சட்டங்கள் மட்டும் இருந்தன. ஆபாசம் எது என்பதற்கோ 1973இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த மூன்று அடுக்குச் சோதனை. அந்தச் சோதனை கேட்பதெல்லாம் பார்ப்பவரைப் பற்றி: படம் காம உணர்வைத் தூண்டுகிறதா, வட்டாரத்து வழக்கப்படி அருவருப்பானதா, கலைமதிப்பு ஏதேனும் உண்டா. படத்தில் இருக்கிற குழந்தைக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

இந்த இடத்தில்தான் டாக்டர் ஜூடியான் டென்சன்-கெர்பர் வருகிறார். மனநல மருத்துவர், சட்டமும் படித்தவர். போதை அடிமைகளுக்கான ஒடிசி ஹவுஸ் என்ற மறுவாழ்வு இல்லத்தை 1966இல் தொடங்கியவர். உரக்கப் பேசுவார். விளம்பர வெளிச்சத்துக்குக் கூச்சப்படாதவர். ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகையாளர்களைக் கூட்டி, கடைகளில் கிடைத்த இதழ்களைக் காட்டிப் பேசினார். 1977 மே மாதம் 'சிகாகோ டிரிப்யூன்' தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. காங்கிரஸில் ஜான் கான்யர்ஸ் தலைமையிலான குற்றவியல் துணைக்குழு அந்த மாதமே விசாரணையைத் தொடங்கியது. மிச்சிகன் உறுப்பினர் டேல் கில்டியும் நியூயார்க் உறுப்பினர் ஜான் மர்ஃபியும் மசோதாவை முன்வைத்தார்கள்.

விசாரணையில் அடிபட்ட ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராபின் லாயிட் என்ற பத்திரிகையாளர் 1976இல் வெளியிட்ட ஒரு நூலில், பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட சிறுவர்கள் 3,00,000 பேர் என்று எழுதியிருந்தார். டென்சன்-கெர்பர் அதை எடுத்துக்கொண்டார். லாயிட் சொன்னது பாதிதான் இருக்கும் என்று தோன்றியது, ஆறு லட்சமாக்கினார். சிறுமிகளையும் சேர்க்க வேண்டுமே? இன்னொரு மடங்கு. ஆக 12 லட்சம். பிற்பாடு இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தின் விசாரணை ஆணையம் இந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப் போனது. லாயிடைக் கேட்டால், நிபுணர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று தான் சும்மா போட்டுவைத்த எண் அது என்றார்! 1980இல் அந்த ஆணையம் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுவதும் பரந்த பெரிய வணிக வலைப்பின்னல் எதையும் தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது.

குழந்தைகளுக்கு எதிரான குற்றமே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நடந்தது. ஆனால் எங்கே நடந்தது என்பதைப் பற்றிய சித்திரம் தவறாக இருந்தது. 12 லட்சம் என்று கேட்டதும் மனக்கண்ணில் எழுவது தொழிற்சாலையும் கிடங்கும் முதலாளியும். அடுத்த தெருவில் இருக்கும் விளையாட்டுப் பயிற்சியாளரோ, வீட்டுக்கு வந்துபோகும் உறவினரோ அந்தச் சித்திரத்தில் வரமாட்டார்.

இப்படிப்பட்ட மசோதாவை எதிர்த்துப் பேச எந்த அரசியல்வாதி முன்வருவார்? முட்டுக்கட்டை போட்டது நீதித்துறை அமைச்சகம். தயாரிப்பவனைத் தண்டியுங்கள், அதில் சிக்கல் இல்லை. ஆபாசம் என்று நிரூபிக்கப்படாத ஒரு படத்தை விற்பதைத் தடுத்தால், பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தின் கீழ் சட்டம் அடிபட்டுப்போகலாம் என்று எச்சரித்தார்கள். காங்கிரஸ் பயந்தது. இரண்டு பாதுகாப்பு வேலிகளைச் சட்டத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டது.

1978 பிப்ரவரி 6 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட 'பாலியல் சுரண்டலிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்', 16 வயதுக்குட்பட்டவர்களை வைத்து இத்தகைய படங்கள் எடுப்பதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கியது. முதல் முறை 10 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். மறுமுறை செய்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 15. மான் சட்டத்தில் விடுபட்டிருந்த சிறுவர்களையும் இதே சட்டம் உள்ளே கொண்டுவந்தது. இதெல்லாம் வரவு. செலவுக் கணக்கு அந்த வேலிகளில் இருந்தது. ஒன்று: விநியோகித்தவர் மாட்ட வேண்டுமென்றால், படம் மில்லர் சோதனைப்படி ஆபாசம் என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு: 'தயாரித்தல்' என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுத்த விளக்கத்திலேயே 'பண லாபத்துக்காக' என்று ஒட்டியிருந்தது. அனுப்புவதும் விற்பனைக்காக இருந்தால்தான் குற்றம்.

இரண்டாவது வேலிதான் சட்டத்தை முடமாக்கியது. புலனாய்வாளர்கள் களத்தில் இறங்கிப் பார்த்தால், கடைகள் தாமாகவே அந்தச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டிருந்தன. மிச்சமிருந்த உலகம் வேறு மாதிரியானது. அங்கே விற்பவனும் இல்லை, வாங்குபவனும் இல்லை. தபால்பெட்டி எண்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆண்கள் ஒருவருக்கொருவர் படங்களை அன்பளிப்பாக அனுப்பிக்கொண்டார்கள், பண்டமாற்று செய்துகொண்டார்கள். சுரண்டப்படும் குழந்தை பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த குழந்தை. ஒரு டாலர்கூடக் கைமாறவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் குற்றமும் இல்லை. கூட்டாட்சி வழக்கறிஞர்கள் கையைப் பிசைந்தார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் இந்தச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலரே.

அமெரிக்கர்களின் அசட்டுத்தனம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 2012இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். முதலில் எழுதப்பட்ட வடிவில், இத்தகைய படங்களை 'வணிக நோக்கத்துக்காக' வைத்திருந்தால்தான் அந்தப் பிரிவு பாயும். வாஷிங்டனில் 34 ஆண்டுகளுக்கு முன் சறுக்கிய அதே படியில் டெல்லியும் காலை வைத்தது. 2019 திருத்தத்தில்தான் அது விரிந்தது. அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், செல்போனில் இத்தகைய வீடியோக்களை வைத்திருந்த ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்தது. தனியாகப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அமெரிக்க அனுபவத்தை முன்கூட்டியே புரட்டிப் பார்த்திருந்தால் இத்தனை சுற்று சுற்றியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

வாஷிங்டனுக்குத் திரும்புவோம். முதல் வேலியை உடைத்தது காங்கிரஸ் இல்லை, மன்ஹாட்டனில் ஒரு கடை. கடைக்காரர் பால் ஃபெர்பர், மஃப்டியில் வந்த ஒரு போலீஸ்காரருக்கு இரண்டு படச்சுருள்களை விற்றார். இரண்டிலும் இருந்தவர்கள் சிறுவர்கள். நியூயார்க் மாநிலம் 1977இலேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதில் இரண்டு தனித்தனிப் பிரிவுகள். ஒன்றின்படி படம் ஆபாசம் என்று நிரூபிக்க வேண்டும். மற்றதற்கு அந்தத் தேவை இல்லை, படத்தில் இருப்பது 16 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் போதும். ஜூரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் பிரிவில் ஃபெர்பர் நிரபராதி, இரண்டாவதில் குற்றவாளி. ஒரே படம், ஒரே கடைக்காரர், ஒரே ஜூரி. ஆபாசச் சட்டம் இந்தக் குற்றத்துக்குப் பொருந்தாத அளவுகோல் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டப் பேராசிரியரும் விளக்கிவிட முடியாது.

நியூயார்க்கின் உச்சபட்ச மாநில நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இப்படியே விட்டால் மருத்துவப் பாடநூலும் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' படங்களும்கூட மாட்டிக்கொள்ளுமே என்பது அதன் கவலைகளில் ஒன்று. வழக்கு வாஷிங்டன் போனது. 1982 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், முடிவைப் பொறுத்தவரை, ஒரே பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் பைரன் வைட்.

வைட்டை இங்கே கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும், இந்தக் கதையில் அவர் மூன்று முறை வரப்போகிறார். இளமையில் அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை நட்சத்திரம். 1962இல் கென்னடி அவரை நீதிபதியாக்கினார். லிபரல் ஜனாதிபதியின் நியமனம் என்றாலும் போலீஸின் கையைக் கட்டும் தீர்ப்புகளில் அவருக்கு ஒவ்வாமை. கைது செய்யப்பட்டவர்களின் உரிமையைப் பேசும் புகழ்பெற்ற மிராண்டா தீர்ப்பில் மாறுபட்டவர்களில் அவரும் ஒருவர். உரைநடை வறண்டிருக்கும், அலங்காரம் கிடையாது.

ஃபெர்பர் தீர்ப்பில் வைட் செய்தது, கேள்வியையே திருப்பிப் போட்டது. பார்ப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை விட்டுவிட்டு, படத்தில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்டார். படம் என்பது நடந்த கொடுமையின் அழியாத பதிவு. அது கை மாற மாறக் காயம் ஆழமாகிறது. விற்பனையை அடைத்தால்தான் தயாரிப்பு நிற்கும். ஆகவே இத்தகைய படங்களுக்கு முதல் திருத்தத்தின் பாதுகாப்பு இல்லை, மில்லர் சோதனையும் வேண்டாம். அப்போதே 20 மாநிலங்கள், ஆபாசம் என்று நிரூபிக்கத் தேவையில்லாமல் விநியோகத்தைத் தடைசெய்திருந்தன. காங்கிரஸ் பயந்து போட்ட வேலி தேவையே இல்லை என்று ஆனது.

இரண்டு ஆண்டு கழித்துத்தான் காங்கிரஸ் விழித்துக்கொண்டது. 1984 மே 21 அன்று ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வேலிகளையும் பிடுங்கி எறிந்தது. ஆபாசம் என்று நிரூபிக்க வேண்டாம். லாப நோக்கம் வேண்டாம். வயது வரம்பு 16இலிருந்து 18 ஆனது. 10,000 டாலர் அபராதம் 1,00,000 டாலர் ஆனது. அன்பளிப்பாக அனுப்பினாலும் குற்றம், தபாலில் பெற்றுக்கொண்டாலும் குற்றம். வழக்குகளின் எண்ணிக்கை சட்டென்று ஏறியது.

அதற்குப் பிறகு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. 1986இல் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் பெயரால் அறியப்படும் ஆணையம் மிகப் பருத்த ஓர் அறிக்கையைத் தந்தது. அதன் பெரும்பகுதி இன்று யாருக்கும் நினைவில்லை, குழந்தைகளைப் பற்றிய பரிந்துரைகள் நின்றன. அதே ஆண்டு விளம்பரம் செய்வது குற்றமாயிற்று. 1988 சட்டத்தில் 'கம்ப்யூட்டர் உட்பட எந்த வழியிலும்' என்று சேர்த்தார்கள். வாக்களித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் இருந்திருக்கும்?

மிச்சமிருந்தது ஒரே ஒரு படி. ஒருவர் தன் வீட்டில் சும்மா வைத்திருந்தால்? 1969இல் ஸ்டான்லி வழக்கில், வீட்டுக்குள் ஆபாசப் படம் வைத்திருப்பவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் ஒருவர் வீட்டை போலீஸார் சோதனையிட்டு, சிறுவரைக் காட்டும் நான்கு புகைப்படங்களைக் கைப்பற்றினார்கள். ஸ்டான்லியைக் காட்டி அவர் வாதாடினார். 1990 ஏப்ரல் 18 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். தண்டனை வேறொரு நடைமுறைக் குறைக்காக மறுவிசாரணைக்குப் போனது, ஆனால் கொள்கை நின்றுவிட்டது: சிறார் படங்களைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று ஒரு மாநிலம் சட்டம் போடலாம். எழுதியவர் மறுபடியும் வைட். அந்த ஆண்டு நவம்பரிலேயே காங்கிரஸும் அதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இதழ்களோ படங்களோ இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. ஏன் மூன்று என்று கேட்டால், ஏதோ தவறி வந்து சேர்ந்தவரை விட்டுவிடலாம் என்ற தயக்கம்தான். 1998இல் அந்த மூன்றும் ஒன்றானது.

இனி மூன்றாவது முறை வைட். ஆனால் அதற்கு 1984க்கே திரும்ப வேண்டும். நெப்ராஸ்காவில் ஒரு விவசாயி. 56 வயது, வயதான தந்தையைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரியில் கலிஃபோர்னியாவிலுள்ள ஒரு கடைக்கு எழுதிப்போட்டு, சிறுவர்களின் நிர்வாணப் படங்கள் கொண்ட இரண்டு இதழ்களை வாங்கினார். அன்றைய சட்டப்படி குற்றமில்லை. மூன்று மாதத்தில் சட்டம் மாறியது. கடையின் முகவரிப் பட்டியல் தபால் ஆய்வாளர்கள் கைக்குப் போனது. அதில் இவர் பெயர் இருந்தது.

1985 ஜனவரியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. இன்பவாதிகள் சங்கமாம், உறுப்பினர் படிவமும் விருப்பங்களைக் கேட்கும் கேள்வித்தாளும் கூடவே. சங்கம் பொய். எழுதியது அரசு. அடுத்து ஓர் ஆய்வு நிறுவனம், பின்னர் தணிக்கையை எதிர்த்துப் போராடுவதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அமைப்பு, ஒரு பேனா நண்பர். எல்லாம் ஒரே அரசாங்கத்தின் பல முகங்கள். தபால்துறையும் சுங்கத்துறையும் தனித்தனியே பொறி வைத்திருந்தன. சுங்கத்துறை கனடா நாட்டு நிறுவனம் போல வேடம் போட்டது. 26 மாதம் தூண்டில் ஆடியது. 1987இல் அவர் ஓர் இதழுக்கு ஆர்டர் அனுப்பினார். அரசே அந்த இதழின் நகலை அனுப்பி, அவர் வாங்கிக்கொண்டதும் கைது செய்தது. வீட்டைப் புரட்டியபோது கிடைத்தவை இரண்டே வகை: அரசு அனுப்பிய காகிதங்கள், 1984இல் சட்டப்படி வாங்கிய அந்தப் பழைய இதழ்கள்.

விற்கிற கடைகள் ஒழிந்துபோன சந்தையில் அரசாங்கமே கடை விரித்து உட்கார்ந்திருந்தது. பொறி வைப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தபால் உறைக்குள் நடக்கும் குற்றத்தை வேறு எப்படிப் பிடிப்பது? உண்மையான கொடியவர்கள் பலரை அந்தப் பொறிகள் பிடித்தும் இருக்கின்றன. ஆனால் ஒரு மனிதரை வளைக்க இத்தனை கடிதம் எழுதிய நேரத்தில், குழந்தைகள் எங்கே துன்பப்படுகிறார்கள் என்று தேடியிருக்கலாம்.

1992 ஏப்ரல் 6. ஐந்துக்கு நான்கு. போலீஸின் பக்கமே சாயும் வைட், இந்த முறை அரசுக்கு எதிராக எழுதினார். அரசு அணுகுவதற்கு முன்பே அந்த மனிதருக்குக் குற்றம் செய்யும் நாட்டம் இருந்தது என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். எண்ணத்தை நீங்களே விதைத்துவிட்டு அறுவடையும் செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அன்று சட்டப்படி வாங்கியதை, அதன்பின் வந்த சட்டத்தை மீறும் நாட்டத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்றார். சாண்ட்ரா டே ஓ'கானர் மாறுபட்டு எழுதினார்: வாய்ப்பு வந்த இரண்டு முறையும் அவர் தயங்காமல் ஆர்டர் கொடுத்தாரே! தண்டனை ரத்தானது. அடுத்த ஆண்டு வைட் ஓய்வு பெற்றார்.

அதே 1993இல் சுங்க அதிகாரிகள் அமெரிக்காவின் பல ஊர்களில் வீடுகளைச் சோதனையிட்டார்கள். அவர்கள் கைப்பற்றியவை தபால் உறைகள் அல்ல, கம்ப்யூட்டர்கள். டென்மார்க்கில் ஒருவர் நடத்திவந்த மின் தகவல் பலகைக்குத் தொலைபேசி இணைப்பு வழியாகச் சந்தா கட்டியவர்கள் அந்த வீடுகளில் இருந்தார்கள். 1988இல் போகிறபோக்கில் ஒட்டிய 'கம்ப்யூட்டர் உட்பட' என்ற சொற்கள் வேலைக்கு வந்துவிட்டன. மூன்றே ஆண்டில் காங்கிரஸ் இன்னொரு கேள்வியில் மாட்டிக்கொண்டது: கம்ப்யூட்டரே வரைந்த, உண்மையான குழந்தை யாருமே இல்லாத படம் குற்றமா? அதற்கான 1996 சட்டமும், 2002இல் உச்ச நீதிமன்றம் அதை என்ன செய்தது என்பதும் அடுத்த பகுதியில்.